படத்துக்கு அப்பா போட்ட மார்க்கு

ஐயா,

பசியாறிட்டியா? போன வாரம் போன்ல கேட்டியே, அப்பா இப்ப என்னென்ன படம் பாத்தீங்க, எது பாக்கலாம் எது வேணாம், மார்க்கு போட்டு எழுதி அனுப்புங்கன்னு, அதான் மூணு நாளா கடையில ஆள் இல்லாத நேரமா பாத்து ஒத்த விரல்ல தட்டிக்கிட்டு இருக்கேன். மார்க்கு பத்துக்கு. அம்மா மார்க்கையும் சேத்து எழுதச் சொன்னா, அவளுக்கு அழுகை வந்துட்டா ஒம்போது வரலன்னா ஏழு, அதனால ரொம்ப வித்தியாசமா இருந்தா மட்டும் சொல்றேன்.

மொதல்ல கூலி. வந்த மொத ஞாயித்துக்கிழமையே நம்ம பினாங்கு குவீன்ஸ்பே தியேட்டருக்கு போயிட்டோம். 1975ல அபூர்வ ராகங்கள்ல கேட்ட தொறந்துகிட்டு உள்ள வந்த மனுஷன், அம்பது வருஷம் கழிச்சும் திரையில பேர் போடுறப்ப ஹாலே எழுந்து நிக்குது, அதுக்கே நான் மூணு மார்க்கு எடுத்து வச்சிட்டேன். கதைதான் எனக்கு பிடிபடல. நாகார்ஜுனா, உபேந்திரா, கடைசியில ஆமிர் கான் வேற, ஆள் மேல ஆளா வந்துகிட்டே இருக்காங்க, யார் எதுக்கு வந்தாங்கன்னு யோசிக்கறதுக்குள்ள அடுத்த சண்ட வந்துருது. சௌபின்னு அந்த மலையாள நடிகர் மட்டும் கண்ண எடுக்க விடல. ஆனா ஒண்ணு, பிளாஷ்பேக்ல சின்ன வயசு ரஜினிய காட்டுறாங்க பாரு, எனக்கு அந்த முடியப் பாத்ததும் நெஞ்சு அடிச்சுகிச்சு. தாத்தாகிட்ட நான் வேல கத்துக்கிட்ட காலத்துல பட்டர்வொர்த்துல இருந்து ஃபெர்ரி ஏறி வந்து ரஜினி மாதிரி வெட்டுங்கண்ணேன்னு உக்காருவானுங்க. காத மூடணும், பின்னாடி காலர தொடணும், நெத்தியில ஒரு கொத்து தானா வந்து விழணும். அந்த கொத்துதான் கஷ்டம், வெட்டி வர வைக்க முடியாது, முடி எந்த பக்கம் சாயுதுன்னு பாத்து விட்டு வைக்கணும். கூலிக்கு ஆறு.

குடும்பஸ்தன் வீட்லதான் பாத்தோம். மணிகண்டன் நல்ல நடிகன்யா. வேல போனத வீட்ல சொல்லாம ஒருத்தன்கிட்ட கடன் வாங்கி இன்னொருத்தனுக்கு கட்டி, அத அடைக்க மூணாவது ஆள் கிட்ட போயி, சிரிச்சு சிரிச்சு பாத்தாலும் எனக்கு வயித்த கலக்குச்சு, ஏன்னா நம்ம பக்கத்து பிளாட்ல கந்துவட்டிக்கு விடுற ஆலோங்கிட்ட மாட்டி ராத்திரியோட ராத்திரியா சாமான் ஏத்திட்டு போன குடும்பத்த நீயும்தான் பாத்திருக்க. ஏழு.

லப்பர் பந்துக்கு எட்டு. கிரிக்கெட்டு எனக்கு அவ்வளவா தெரியாது, இங்க நமக்கு பந்துன்னா கால்பந்துதான, ஆனா அட்டகத்தி தினேஷ் பேட்ட தூக்கிட்டு வர்றப்ப அந்த விஜயகாந்த் பாட்டு, 1989ல வந்த பொன்மன செல்வன் பாட்டு, அது வந்ததும் ஹால்ல வயசானவங்க எல்லாம் கை தட்டினாங்க. அவர் போயி ஒரு வருஷம் கூட ஆகாத நேரம் அது. சுவாசிகா டிராக்டர ஓட்டிகிட்டு மைதானத்துக்கு வர்ற இடம் அம்மாவுக்கு ரொம்ப பிடிச்சுப் போச்சு. ரெண்டு மூணு நாள் அதையே சொல்லிகிட்டு இருந்தா.

டூரிஸ்ட் ஃபேமிலிய கட்டாயம் பாரு. சசிகுமாரும் சிம்ரனும் ரெண்டு புள்ளைங்களோட இலங்கையில இருந்து ராமேஸ்வரம் வழியா வந்து சென்னையில ஒரு தெருவுல குடி இருக்காங்க, வாயத் தொறந்தா எந்த ஊருன்னு தெரிஞ்சுரும், அதனால யார்கிட்டயும் அதிகமா பேசாதீங்கன்னு புள்ளைங்களுக்கு சொல்லி வைக்கிறாங்க. அந்த இடத்துல எனக்கு நாம சென்னைக்கு போனது ஞாபகம் வந்துருச்சு, உனக்கு பன்னெண்டு வயசு, ஆட்டோக்காரர்கிட்ட அம்மா 'அங்க போகணும்லா'ன்னு சொன்னதும் அவர் திரும்பி பாத்து நீங்க மலேசியாவான்னு கேட்டாரே. நமக்கு அதுல ஒரு கெடுதலும் வரல, ஒரு டீ வாங்கிக் குடுத்தாரு. இவங்களுக்கு அந்த ஒரு சொல்லுலயே பொழப்பு போயிரும். சின்ன வயசு டைரக்டர், மொத படம், அந்த தெரு ஆளுங்க ஒவ்வொருத்தரையும் எவ்வளவு பாசமா எழுதியிருக்கான். கொஞ்சம் எல்லாரும் அளவுக்கு மீறி நல்லவங்களா இருக்காங்கதான், அதுக்கு அர மார்க்கு கொறச்சு எட்டர.

3பிஹெச்கே ஏழர. சரத்குமாரும் தேவயானியும் சூரியவம்சத்துக்கு அப்புறம் மறுபடி புருஷன் பொண்டாட்டியா வந்தத பாத்தே அம்மா ஒம்போது போட்டுட்டா. சொந்த வீடு வாங்கணும்னு ஒரு குடும்பம் வருஷக்கணக்கா காசு சேக்குது, சேக்க சேக்க வீட்டு விலை ஓடுது, கடைசியில எல்லா பாரமும் மகன் தலையில வந்து உக்காருது. சித்தார்த் அப்பாவ எதுத்து ஒரு வார்த்த பேச முடியாம நிக்கிற இடங்கள்ல நான் திரைய பாக்காம தரைய பாத்துகிட்டு இருந்தேன். அத பத்தி கீழ எழுதுறேன்.

மெய்யழகன நம்ம கடைக்கு எதிர்ல சொங்கோக் தொப்பி தைக்கிற மலாய்க்கார பாக்சிக்கையும் கூட்டிட்டு போயி பாத்தேன், ஞாபகம் இருக்குல்ல, உனக்கு நோன்பு பெருநாளுக்கு டூயிட் ராயா காசு குடுப்பாரே. படம் முழுக்க கார்த்தி அத்தான் அத்தான்னு கூப்பிடுறாரு, பாக்சிக் பாதியில என் காதுகிட்ட வந்து அத்தான்னா அபாங்கா, அதாவது அண்ணனான்னு கேட்டாரு, அபாங் மாதிரிதான் ஆனா அபாங் இல்லன்னு சொல்லிட்டு அதுக்கு மேல எனக்கு மலாய்ல சொல்ல வரல. ஒரு ராத்திரி கதை. வீட்ட இழந்துட்டு ஊர விட்டு போன அரவிந்த்சாமி இருபத்திரெண்டு வருஷம் கழிச்சு தங்கச்சி கல்யாணத்துக்கு தஞ்சாவூர் பக்கம் வர்றாரு, வந்த எடத்துல ஒருத்தன் விழுந்து விழுந்து கவனிக்கிறான், அவன் பேரு இவருக்கு ஞாபகம் வரமாட்டேங்குது, கேக்கவும் வெக்கம். மேடையிலேயே அந்த தங்கச்சி அண்ணன் கொண்டு வந்த நகைய பிரிச்சு போட்டுக்கிற இடத்துல பாக்சிக் தொப்பிய கழட்டி மடியில வச்சுகிட்டாரு. படம் ரொம்ப நீளம்னு சொல்லி வந்த சில நாள்லயே 18 நிமிஷம் வெட்டினாங்க, எனக்கு நீளம் தெரியல. ஒம்போது.

வாழை. இத பத்தி எழுதறதுக்கு எனக்கு ஒரு நாள் ஆச்சு. மாரி செல்வராஜ் தன் சின்ன வயசு கதைய எடுத்திருக்காரு, பள்ளிக்கூடம் இல்லாத நாள்ல வாழத்தார் சொமக்க போற பையன், ஒரு தாருக்கு ஒரு ரூபா கூலி கூட குடுங்கன்னு கேக்குற சனம். அம்மா கெடா ரப்பர் தோட்டத்துல பொறந்தவதான. அந்தப் பையன் தலையில தார் ஏறினதும் அவ கை தானா அவ பிடரிக்கு போயிருச்சு, படம் முடியிற வரைக்கும் அங்கயே இருந்துச்சு. பால் வாளிய தூக்கிட்டு லாரி நிக்கிற எடத்துக்கு நடந்த கழுத்து அது. நான் நாப்பது வருஷத்துக்கு மேல மனுஷங்க பிடரிய பாக்குறவன், சொல்றேன் கேளு, சின்ன வயசுல பாரம் தூக்கினவங்களுக்கு பின் கழுத்து மசுருக்கு கீழ ஒரு தடிப்பு இருக்கும், கண்ணுக்கு தெரியாது, மெஷின் ஓட்டுறப்ப கைக்கு தெரியும். சூட் போட்டுகிட்டு வர்ற பெரிய ஆளுங்களுக்கும் சிலருக்கு இருக்கும், அவங்க சொல்லமாட்டாங்க நானும் கேக்கமாட்டேன். படம் முடிஞ்சு அம்மா காடியில ஏறினவ வீடு வர்ற வரைக்கும் பேசல. மார்க்கு கேட்டேன், இதுக்கெல்லாம் மார்க்கு போடாதீங்கன்னுட்டா. அதனால போடல.

நம்ம ஊர் படம் ஒண்ணும் திரும்ப பாத்தேன், ஜகாத், 2015ல வந்தது. நம்ம பேச்சு, நம்ம கெட்ட வார்த்த உட்பட. தோட்டத்த விட்டு வெளிய வந்த சனம் எங்க போய் நிக்கிறதுன்னு தெரியாம நின்ன 90கள் கதை, அப்போய்னு ஒரு பையன், மூளைக்காரன், ஆனா பள்ளிக்கூடத்துக்கு ஒத்து வராத மூளை. 2016 மலேசிய திரைப்பட விழாவுல சிறந்த மலேசிய படம்னு பரிசு வாங்குச்சு. அதே வருஷம் வந்த கபாலிக்கு ஏர் ஏசியா பிளேன்ல எல்லாம் படம் வரஞ்சாங்க, நானும் மொத நாளே போனேன், ஆனா நம்ம கதை எதுன்னு கேட்டா நான் ஜகாத்ததான் சொல்லுவேன். ஒம்போதர. அந்த அப்பா பையன அடிக்கிற இடத்த மட்டும் ஓட்டி விட்டுட்டேன்.

இப்ப மகாராஜா. நீ பாத்தாச்சு, தெரியும், இருந்தாலும் போன வாரம் மூணாவது தடவ நெட்ஃபிளிக்ஸ்ல பாத்தேன், எழுதாம இருக்க முடியாது.

சின்ன வயசுல தாத்தா என்ன பினாங்கு ரோட்டு ஓடியனுக்கு கூட்டிட்டு போவாரு. படத்துல முடி வெட்டுறவர் வந்தா ஹால் சிரிக்கும். அவர் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே சிரிக்கும், அந்த பொட்டிய பாத்தே சிரிக்கும். தாத்தாவும் சிரிப்பாரு, ஆனா கத்தரி வளையம் பட்டு காய்ச்சுப் போன அந்த கட்டவிரல உள்ளங்கைக்குள்ள மடக்கி வச்சுக்குவாரு. எனக்கு அப்ப புரியல. பின்னாடி குசேலன் வந்துச்சு, 2008ல, பசுபதி அருமையா செஞ்சாரு, ஆனா அது ரஜினி படமாதான் ஓடுச்சு. 2018ல சவரக்கத்தி, டைரக்டர் ராம் முடி வெட்டுறவரா நடிச்சாரு, வாய் ஓயாம பொய் பேசுற ஆளு, நல்ல படம்தான், ஆனாலும் ஓட ஓட வெரட்டுறாங்க.

மகாராஜாவுல விஜய் சேதுபதி போலீஸ் ஸ்டேஷனுக்கு போயி லட்சுமிய காணோம்னு நிக்கிறாரு. லட்சுமின்னா குப்பத்தொட்டி. அதுக்கு ஹால் சிரிச்சுது, நானும் சிரிச்சேன். ஆனா அவர் தொழிலுக்கு ஒருத்தரும் சிரிக்கல ஐயா. காதுல கட்டு போட்டுகிட்டு, ரெண்டு தோளும் முன்னால விழுந்து, நாள் முழுக்க நின்ன காலோட நிக்கிறாரு பாரு, அது நம்ம நிலை, கடைய பூட்டுற நேரத்துல கண்ணாடியில நான் தினம் பாக்குற ஆளு அவர். இன்னொண்ணு. சவரத்துக்கு உக்காந்தவன் தலைய பின்னால சாச்சு தொண்டைய நம்ம கையில குடுத்துட்டு கண்ண மூடிக்குவான். கண்ண மூடினதும் நாம அங்க இல்லன்னு நெனச்சுக்குவான், பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட வீட்டு கதை கடன் கதை எல்லாம் பேசுவான், நாம இடது கையால தோல இழுத்துப் பிடிச்சுகிட்டு கத்திய எறக்கிகிட்டே எல்லாத்தையும் கேட்டுகிட்டுதான் இருப்போம். டைரக்டர் நித்திலன் அந்த ஒரு விஷயத்துலதான் கதைய முடிச்சு போட்டிருக்காரு. ஒரு சலூன்ல நாலு நாள் உக்காந்து பாக்காதவனுக்கு அது தோணாது. சீனாவுலயும் ரிலீஸ் ஆச்சுன்னு பேப்பர்ல பாத்துட்டு பக்கத்து காப்பி கடை சீனர் ஆ பெக்கிட்ட போயி சொன்னேன். பத்துக்கு பத்து.

நீ இடைநிலைப்பள்ளியில ஃபாரம் ஒன்ல சேந்தப்ப பூர்த்தி பண்ற பாரம் ஒண்ணு கொண்டு வந்த. அப்பா வேலைங்கிற எடத்துல பிஸ்னஸ்னு எழுதியிருந்த. எழுதிட்டு என் மூஞ்சிய பாத்த. நான் ஒண்ணும் சொல்லாம கையெழுத்து போட்டு குடுத்தேன். உன்மேல கோவம் இல்ல, அன்னைக்கும் இல்ல. பேனாவ வாங்கி நானே சரியா எழுதி குடுத்திருக்கணும், அத செய்யல, அதுக்கு பதிலா அன்னையில இருந்து உன்ன கடைப்பக்கம் வரவே விடல. படிக்கிற புள்ளைக்கு கத்தரி எதுக்குன்னு சொன்னேன். உனக்கு கடையில உக்காந்து வர்றவங்க பேசுறத கேக்க எவ்வளவு பிடிக்கும்னு எனக்கு தெரியும். தெரிஞ்சுதான் வெரட்டினேன். 3பிஹெச்கேல தரைய பாத்துகிட்டு இருந்தேன்னு சொன்னேனே, அதான்.

மகாராஜா வந்தப்ப நீ அனுப்பின மெசேஜு இன்னும் போன்ல இருக்கு. ஆபீஸ் ஆளுங்கள கூட்டிட்டு போனேன்பா, முடிஞ்சு வெளிய வந்து எங்க அப்பாவும் இதே வேலைதான்னு சொன்னேன்பான்னு. காலையில பத்து மணி இருக்கும். அத படிச்சுட்டு ஷட்டர பாதி எறக்கி விட்டுட்டு கஸ்டமர் சீட்ல நானே உக்காந்திருந்தேன். உனக்கு பதில் ஒண்ணும் போடல, என்ன போடறதுன்னு தெரியல, அதான் இப்ப இவ்வளவு நீளமா எழுதுறேன்.

தீபாவளிக்கு டிக்கெட்டு எடுத்துட்டேன்னு அம்மாகிட்ட சொன்னியாமே. மெல்பர்ன்ல முடி வெட்டிக்காத, எவ்வளவு வளந்தாலும் அப்படியே வா. முந்தின ராத்திரி கடையில கூட்டம் ஓய ஒரு மணி ஆயிரும், கடைசி ஆள் போனதும் உன்ன உக்கார வைக்கிறேன். அதுக்கு முன்னாடியே வந்துட்டாலும் சரி, அந்த மூல பெஞ்சில உக்காந்து எல்லாரும் பேசுறத கேட்டுகிட்டு இரு.

அப்பா