நகலாக்கத் தடைக்குச் சட்டம் வேண்டும்

ஒருவரின் மரபணுவை அப்படியே கொண்ட இன்னொருவரை உருவாக்கும் மனித நகலாக்கம் (குளோனிங்) குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, அது சாத்தியமா என்பதை விரிவாக அலசிவிட்டு, முயற்சியில் தவறிப்போகும் உயிர்களை ஒரே வரியில் கடந்துவிட்டது. 1996-இல் ஸ்காட்லாந்தில் டாலி என்னும் செம்மறியாடு நகலாக்க முறையில் பிறப்பதற்காக 277 முறை செல்கள் இணைக்கப்பட்டு, 29 கருக்கள் உருவாகி, முடிவில் ஒரே ஒரு குட்டிதான் உயிருடன் பிறந்தது. களக்காடு அருகே வாழை பயிரிடும் நான், ஒரே தாய்வாழையின் நகல்கள் என்று நம்பி வாங்கிய திசு வளர்ப்புக் கன்றுகளில் (ஆய்வகத்தில் செடியின் திசுவிலிருந்து வளர்த்தவை) சில குட்டையாகவும் இலை வெளிறியும் வந்தபோது, அவற்றைப் பிடுங்கி எருக்குழியில் போட்டேன்; கன்றுக்குக் கொடுத்த காசு போயிற்றே என்பதுதான் அன்றைய என் கவலை. குறையோடு பிறக்கும் குழந்தையை எந்தக் குழியில் போடுவது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2017-இல் வெளியிட்ட குருத்தணு (பல வகைச் செல்களாக மாறக்கூடிய செல்) ஆராய்ச்சி வழிகாட்டு நெறிகள், மனிதரை நகலாக்கிப் பிறப்பிப்பதைத் தடை செய்கின்றன. ஆயினும் அவை நெறிகளே அன்றி, நாடாளுமன்றம் இயற்றிய சட்டமல்ல. சிகிச்சைக்கான குருத்தணு ஆய்வுக்கு இடையூறு இல்லாமல், இத்தடையை மட்டும் தண்டனையுடன் கூடிய தனிச் சட்டமாக்க மத்திய அரசு முன்வர வேண்டும்.

— வாழை விவசாயி, களக்காடு, திருநெல்வேலி மாவட்டம்