முக்திநாத் போறதுக்கு முன்னாடி இத படிச்சுடு

அன்புள்ள ரவி,

இங்க எல்லாரும் சௌக்கியம். பாமணி ஆத்துல தண்ணி வந்துடுச்சு, குறுவைக்கு நாத்து விட்டாச்சு, உரத்துக்குத்தான் ஒரே அலைச்சல். நீ அக்காவ கூட்டிட்டு நேபாளத்துல முக்திநாத் கோயிலுக்குப் போறேன்னு எழுதியிருந்தே, ரொம்ப சந்தோஷம்டா.

உங்க வீட்டு பூஜைல இருக்கே சாளக்கிராமம், அது அந்தப் பக்கம் கண்டகி ஆத்துல கெடைக்கறது, அதுல தெரியற சக்கரம் கடல்ல வாழ்ந்து எப்பவோ அழிஞ்சுபோன அம்மோனைட்ங்கற உயிரோட சுருண்ட ஓடு, கல்லா மாறினது. இப்ப இமயமலை நிக்கற எடத்துல டெதிஸ்னு ஒரு கடல் கெடந்துச்சு, நம்ம இந்தியா தெக்கேருந்து வேகவேகமா வடக்க நகந்து சுமார் 5 கோடி வருஷத்துக்கு முன்னாடி ஆசியாவோட முட்டிச்சு, ரெண்டும் கண்டத்தோட பாறை, கடலடிப் பாறைய விட கனம் கம்மி, அதனால எதுவும் முழுசா அடியில முங்காம ஓரம் நசுங்கி மடிஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி கடலடி சேறு, சுண்ணாம்பு எல்லாத்தையும் மேல தூக்கிடுச்சு. 8,848 மீட்டர் எவரெஸ்ட் உச்சியே கடல் சுண்ணாம்புக்கல்தான்டா!

காலேஜ் டூர்ல அரியலூர் போனப்ப நீ ஒரு அம்மோனைட் பொறுக்கி பையில போட்டுக்கிட்டியே, ஞாபகம் இருக்கா? அது வேற கடல், சாளக்கிராமத்த விட வயசும் கம்மி. ஆனா கொள்ளிடத்துக்கு அந்தாண்ட வந்த கடல் சும்மா பின்வாங்கிப் போயிடுச்சு, எதுவும் வந்து இடிக்கல, ஓடு சோளக்கொல்லையிலயே கெடக்கு. முக்திநாத்லயோ அதே ஜாதி உயிரு 3,700 மீட்டர் ஒசரத்துல. இடிச்ச எடம், இடிக்காத எடம், அவ்வளவுதான் வித்தியாசம், இத நெனைக்கறப்பல்லாம் எனக்கு மெய் சிலிர்க்குது.

இன்னொண்ணு, அந்த கண்டகி ஆத்த நல்லா பாரு. மலைக்கு வடக்க முஸ்தாங்ல பொறந்து, தவுலகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் நடுவுல மலைத்தொடரையே குறுக்க அறுத்துட்டு தெக்க வருது. ரெண்டு சிகரமும் 8,000 மீட்டருக்கு மேல, ஆறு 2,500 மீட்டர் வாக்குல ஓடுது. மலை எழும்பறதுக்கு முன்னாடியே ஆறு இருந்துச்சு, அது எழும்ப எழும்ப இது அறுத்துக்கிட்டே வந்துச்சுங்கறாங்க. தள்ளறது இன்னும் நிக்கல, வருஷத்துக்கு சுமார் 5 சென்டிமீட்டர் நாம வடக்க போயிட்டுதான் இருக்கோம், 2015ல நேபாளத்துல அத்தன வீடு இடிஞ்சு விழுந்துச்சே அந்த பூகம்பமும் இதனாலதான்.

முக்திநாத்துக்குக் கீழ இருக்கற ஜோம்சோம் ஊருக்கு ஃப்ளைட்டு காலைலயே போட்டுக்க, மத்தியானம் ஆனா அந்த பள்ளத்தாக்குல காத்து பயங்கரமா அடிக்கும். அக்காவுக்கு மூச்சு வாங்கும், ஒரேயடியா ஏறாம கீழ ஒரு நாள் தங்கிட்டு போங்க. வந்ததும் போன் பண்ணு.

உன்
முரளி
மன்னார்குடி