செழியனுக்கு, விசிட்டிங் கார்டு விஷயமாக

அன்புள்ள செழியா,

உன் கடிதமும் கார்டு மாதிரியும் வந்து சேர்ந்தன. விருப்ப ஓய்வு வாங்கிய கையோடு வீட்டு வரைபடம் போட்டுத் தரும் வேலையில் இறங்கிவிட்டாயாமே. சும்மா உட்கார மாட்டாய் என்று வீட்டில் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தேன், பலித்துவிட்டது.

ஐந்நூறு கார்டுக்கு அட்டை வெட்டி வைத்தாயிற்று. ஆனால் மிஷினில் ஏற்றவில்லை. காரணம் உன் மெயில் ஐடி. லயன், அண்டர்ஸ்கோர் (அதாவது அடிக்கோடு), செழியன், அண்டர்ஸ்கோர், 68. டவுன்ஹால் ரோட்டு பிரவுசிங் சென்டரில் ஒரே நாற்காலியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து நாம் ஆரம்பித்தது. அப்போது சிங்கம் சரி. இப்போது ஐம்பது லட்சத்துக்கு வீடு கட்டப் போகிறவன் அதைப் பார்த்து உன்னிடம் வரைபடம் கேட்பானா?

சிங்கத்தைக்கூட விட்டுவிடலாம். அண்டர்ஸ்கோர்தான் தொல்லை. லிங்க் என்று அடியில் கோடு விழுந்தால் அது கோட்டோடு கோடாக மறைந்துவிடும், பார்ப்பவர் இடைவெளி என்றே நினைப்பார். போனில் சொன்னாலோ பாதிப் பேர் நடுக்கோடு போடுகிறார்கள். 68 வேண்டாம். உன் வயதை எதற்கு ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும்? பிறந்த வருடத்தை வைத்துப் பாஸ்வேர்டை ஊகிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

போனில் ஐடி வாங்கி நான் பட்ட பாட்டைக் கேள். இளங்கோ என்று ஒருவர் கல்யாணப் பத்திரிகைக்கு வந்தார். புரூஃப் அனுப்ப ஐடி சொன்னார். நான் ‘ஐ’யில் ஆரம்பித்து அடித்தேன், அவர் எழுதுவதோ ‘ஈ’யில். பத்திரிகை வேறொரு இளங்கோவுக்குப் போய்விட்டது. ‘நல்ல டிசைன். ஆனால் எனக்குக் கல்யாணமாகி இருபது வருடமாகிறது’ என்று பதில் போட்டார் அந்தப் புண்ணியவான்.

உன் பெயர் அதைவிட மோசம். முதலில் எஸ்ஸா, சிஹெச்சா? ‘ழ’வுக்கு ‘எல்’ எழுத்தா, ‘இசட்ஹெச்’சா? கடைசி ‘யன்’னில் ஒய் உண்டா, இல்லையா? பான் கார்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே வை. பில் போடுகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் அடிப்பார்கள். அந்தப் பெயரை ஏற்கெனவே யாராவது எடுத்திருந்தால் இனிஷியலைச் சேர், அதுவும் போயிருந்தால் ‘பிளான்ஸ்’ என்று தொழிலைச் சேர். எண் மட்டும் வேண்டாம்.

ஜிமெயிலில் அண்டர்ஸ்கோர் போடவே விடமாட்டார்கள், நிம்மதி. புள்ளி வைக்கலாம், ஆனால் அதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. இனிஷியலுக்குப் பின் புள்ளி வைத்தாலும் விட்டாலும் மெயில் உனக்கே வரும். கார்டில் மட்டும் புள்ளியோடு போடுகிறேன், கண்ணுக்கு நன்றாக இருக்கும். சொந்த டொமைன், அதாவது @ குறிக்குப் பின்னால் ஜிமெயிலுக்குப் பதில் உன் பெயரே வரும் முகவரி, வாங்கினால் இந்தச் சலுகை இருக்கும் என்று நம்பாதே, அங்கே பெரும்பாலும் புள்ளிக்கும் மதிப்பு உண்டு.

டொமைன் வாங்கு என்று உன் மகன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். மறந்துவிட்டால் அதை வேறு யாரும் வாங்கிக்கொள்ளலாம், உனக்கு வரவேண்டிய கடிதங்களும் அவர்கள் கைக்குப் போகும். மின்கட்டணத்தையே கடைசி நாளில் கட்டுகிற ஆள் நீ! முதலில் ஜிமெயில் போதும்.

இன்டர்நெட் கனெக்‌ஷனோடு இலவசமாகத் தரும் ஐடி பக்கம் மட்டும் போகாதே. அச்சகத்துக்கு நான் அதைத்தான் வைத்திருந்தேன். கனெக்‌ஷனை மாற்றியதும் ஐடியும் போயிற்று. ஆயிரம் கார்டு பழைய பேப்பர் கடைக்குப் போனது. அச்சகக்காரன் கார்டே தப்பு என்று என் மச்சினன் இன்னும் சிரிக்கிறான்.

சிங்கத்தை உடனே கொன்றுவிடாதே. பேங்க், பி.எஃப்., வருமான வரி எல்லாவற்றிலும் ஐடியை மாற்றி முடிக்கும்வரை அது உயிரோடு இருக்கட்டும்.

புது ஐடி எடுத்ததும் உன் மாப்பிள்ளைக்குப் போன் போட்டு ஒரே ஒரு தடவை சொல். அவர் திருப்பிக் கேட்காமல் சரியாக அடித்து மெயில் அனுப்பினால் எனக்குத் தகவல் கொடு, அன்றைக்கே ஓட்டிவிடுகிறேன். மஞ்சள் அட்டை கேட்டிருந்தாய். வெள்ளைதான் வெட்டியிருக்கிறேன், சண்டைக்கு வராதே.

உன்,
பாண்டி