புலியாவில் டயர் மாற்றிக் கொடுத்த பெரியவருக்கு நன்றி

தெற்கு இத்தாலியின் புலியா பகுதியில், ஒஸ்தூனியிலிருந்து மார்ட்டினா ஃப்ராங்கா போகும் பக்கம் எங்களுக்கு உதவிய பெரியவருக்கு இந்த நன்றி. பெயர் கேட்பதற்குள் கிளம்பிவிட்டார்.

அங்கே சாந்து பூசாமல் கல்லை அடுக்கிக் கட்டிய சுவர்களுக்கு நடுவே ஒரு கார் மட்டும் நுழையும் பாதைகள். இருட்டில் எல்லாம் ஒரே மாதிரி. ஆலிவ் தோப்பு ஓரம் டயர் கிழிந்து நின்றோம். அவர் தன் ஆப்பேயை நிறுத்தினார் (நம்மூரில் சரக்கு ஏற்றுகிற அதே பியாஜியோ மூன்று சக்கர வண்டிதான்!). சைகையிலேயே பேசி ஸ்டெப்னி மாட்டினார். அப்புறம் நாங்கள் தங்கும் பண்ணை வீட்டு வாசல் வரை முன்னால் ஓட்டி வந்தார்.

அங்கே விவசாயக் குடும்பங்களே நடத்தும் 'அக்ரிதூரிஸ்மோ' விடுதி அது. ஹோட்டல் இல்லை, நேரமானால் சமையலறையை மூடிவிடுவார்கள். வீட்டுக்கார அம்மாவிடம் அவர் என்ன சொன்னாரோ, டர்னிப் கீரை போட்ட ஒரேக்கியெத்தே பாஸ்தா சுடச்சுட வந்தது. மேலே அவர்கள் தோட்டத்து ஆலிவ் எண்ணெய், தாராளமாக.

பணம் நீட்டினோம், கையை உதறிவிட்டார். காபி மட்டும் குடித்தார். எங்களிடம் இருந்த மைசூர்பாகு டப்பாவை மறுநாள் அந்த அம்மாவிடம் கொடுத்தோம். அவரிடம் சேர்த்துவிட்டதாகச் செய்தி வந்தது. ரொம்ப நன்றி ஐயா.