மழையன்று எண்ணெய் எடுக்காமல் ஏன் திரும்பினோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் எங்கள் பையன்கள் ஹட்டனிலிருந்து உங்கள் தேயிலை ஃபெக்டரி வரை ஏறி வந்து, தூறலைப் பார்த்துவிட்டு, சோதனைக்கு ட்ரான்ஸ்ஃபோமர் எண்ணெய் எடுக்காமலே திரும்பிவிட்டார்கள். டீமேக்கர் ஐயாமார் சிலருக்கு அதில் வருத்தம். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

எண்ணெயின் வேலை கரண்ட்டைக் கடத்தாமல் இருப்பது, சூட்டை வெளியே கொண்டுபோவது. அதைக் கெடுக்க ஈரம் ரொம்ப வேண்டியதில்லை. 200 லீற்றர் பீப்பாயில் ஒரு தேக்கரண்டித் தண்ணீர் கலந்தாலே எடையில் பத்து லட்சத்தில் சுமார் 28 பங்கு ஆகிவிடும். சூடான எண்ணெய் இன்னும் நிறைய ஈரத்தைக் கரைத்து வைத்துக்கொள்ளும். கொழுந்து வாட்டும் ஃபேன்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது அது தெரியாது. லோட் இறங்கி, மலைக் குளிரில் எண்ணெய் ஆறும்போது அந்த ஈரம் பிரிந்து அடியில் இறங்கும். காகித நார் ஏதாவது கிடந்தால் அதிலும் ஊறும்.

பரிசோதனைக் கிண்ணத்தில் 2.5 மில்லிமீற்றர் இடைவெளியில் இரண்டு பித்தளைக் குமிழ்கள் இருக்கும். வோல்ட்டை ஏற்ற ஏற்ற, ஈர நார்கள் அந்த இடுக்குக்கு இழுபட்டுப் பாலம்போல் வரிசையாக நிற்கும். பளிச்சென்று ஒரு பொறி, அவ்வளவுதான். ஆறு தடவை இப்படிப் பார்த்து சராசரி எடுக்கிறோம். 30 கிலோவோல்ட்டுக்குக் கீழே வந்தால் கவலைப்பட வேண்டிய எண்ணெய்.

மழையிலும் பனிமூட்டத்திலும் போத்தலைத் திறந்தால், காற்றின் ஈரம் அதற்குள் போய்விடும். பிறகு ரிப்போர்ட்டில் வருவது உங்கள் ட்ரான்ஸ்ஃபோமரின் ஈரமா, அன்றைய மழையின் ஈரமா? நல்ல எண்ணெயைக் கெட்டதென்று சொல்லி உங்களைச் செலவுக்குள் தள்ள எங்களுக்கு மனமில்லை.

இன்னொன்று. இந்தச் சோதனையில் தேறிய எண்ணெய்கூட மெல்லக் கரண்ட் கடத்தலாம். வருஷக்கணக்கில் சூடாகிப் புளித்த எண்ணெயில் அமிலம் சேரும், அதன் அயனிகள் மின்னைச் சுமக்கும். சூட்டில் இது கூடுவதால் எண்ணெயை 90 பாகை செல்சியஸில் வைத்து, அதில் மின் இழப்பு எவ்வளவு என்று காட்டும் டான் டெல்டா சோதனையும் பார்க்கிறோம். பழைய ட்ரான்ஸ்ஃபோமர் வைத்திருப்பவர்கள் இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

சரி, இனி எப்படி? வெயில் விழுந்த நாளில், ஃபெக்டரி ஓடி எண்ணெய் வெதுவெதுப்பாக இருக்கும் நேரத்தில் வருவோம். அதுவரை, ட்ரான்ஸ்ஃபோமருக்குள் காற்றுப் போய்வரும் மூச்சுக்குழாயிலுள்ள சிலிக்கா ஜெல்லை, அதாவது ஈரம் உறிஞ்சும் மணிகளைப் பாருங்கள். நீலம் இளஞ்சிவப்பாகியிருந்தால் உடனே அழையுங்கள். போத்தலை நாங்களே உலர்த்திக் கொண்டுவருவோம். கழுவிய சாராயப் போத்தலில் முன்கூட்டியே எண்ணெய் எடுத்து வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மின்வேலைக் கடையினர்