டைட்டன்ஃபோல் 2 பற்றி உப்புவெளியிலிருந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இளைஞர் பக்கத்தில் டைட்டன்ஃபோல் 2 பற்றி வந்த விமர்சனத்தை வாசித்தேன். இத்தனை வருடம் கழித்து, சுட்டு விளையாடும் ஒரு பழைய வீடியோ கேமுக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதில் சந்தோஷம்தான். ஆனால் 'ஆறு மணி நேரத்தில் கதை முடிந்துவிடுகிறது, கொடுத்த காசுக்குப் பெறுமதி இல்லை' என்று விமர்சகர் முடித்திருந்ததைப் பார்த்ததும் பேனாவை எடுத்துவிட்டேன்.

நான் திருகோணமலை ரவுணில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. இந்த டிஸ்க்கை மருமகனுக்காக வாங்கினேன் என்றுதான் வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். அவன் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் யார் விளையாடுவது என்று அக்கா இன்னும் கேட்கவில்லை.

வாங்கியது 2022இல், மின்வெட்டுக் காலத்தில். ஒரு கட்டத்தில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரைக்கும் கரண்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கரண்ட் வந்த கையோடு தண்ணீர் மோட்டரைப் போட்டு, போனைச் சார்ஜில் போட்டு, அதற்குப் பிறகு மிஞ்சும் நேரத்தில்தான் விளையாட்டு. அறுபது மணி நேரம் இழுக்கும் கேமை அந்த நாட்களில் தொடங்கியிருந்தால் பாதியில் கைவிட்டிருப்போம். இதை நாங்கள் ஒரு வாரத்தில் முடித்தோம். முடித்த சூட்டோடு மருமகன் திரும்ப முதலில் இருந்து தொடங்கினான். சின்னதாக இருப்பது குறை என்று எழுதுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் விமர்சகர் தொடாமல் விட்டுவிட்டார். 2014 மார்ச்சில் வந்த முதல் பாகத்தை இணையம் இல்லாமல் விளையாடவே முடியாது. கதை என்று பெயருக்கு ஒன்று இருந்தது, அதையும் ஆட்களோடு சேர்ந்து ஆடும்போது காதில் விழும் வசனங்களை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். பிளேஸ்டேஷன் பக்கம் அது வரவேயில்லை. கேமைச் செய்த ரெஸ்போன் நிறுவனம் 2016 ஒக்டோபர் 28இல் இரண்டாம் பாகத்தை வெளியிட்டபோதுதான் தனியாக உட்கார்ந்து விளையாட ஒரு முழுக் கதையைச் சேர்த்தார்கள். எங்களைப் போல, மழை பெய்தால் இணையம் போய்விடும் ஊர்க்காரருக்கு இதைவிடப் பெரிய திருத்தம் வேறென்ன?

கதை பெரிய புதுமை இல்லை. ஜக் கூப்பர் என்ற சாதாரணச் சிப்பாய். அவனுக்குக் களவாகப் பயிற்சி கொடுத்த கப்டன் சண்டையில் செத்துப்போக, பி.டி-7274 என்ற, ஏறி ஓட்டும், பேசும் ராட்சத இயந்திரம் இவன் கைக்கு வருகிறது. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் இந்த இருவருடைய சிநேகிதம்தான். பி.டிக்குச் சிலேடையும் தெரியாது, பகிடியும் தெரியாது. கூப்பர் சொல்லும் எதையும் அப்படியே நேர்ப் பொருளில் எடுத்து, கணக்குப் போட்டுப் பதில் சொல்லும். கூப்பர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால், அதுவும் தன் பெரிய இரும்பு விரலை உயர்த்திக் காட்டும். 'என்னை நம்பு' என்று சொல்லிவிட்டு அவனைத் தூக்கிப் பள்ளத்துக்கு அப்பால் எறிகிற இடத்தில் எங்கள் வீட்டில் அம்மாவே சிரித்துவிட்டார்.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சுவரில் ஓடி, அந்தரத்தில் இன்னொரு முறை எம்பி, விழுந்த வேகத்திலேயே சறுக்கிக்கொண்டு சுட வேண்டும். நின்றால் செத்தீர்கள். தொடக்கத்தில் ஒரு பயிற்சிக் களம் வருகிறது. அதை ஓடி முடிக்க எடுத்த நேரத்தைப் பார்த்து, எந்தக் கடினநிலை உங்களுக்குப் பொருந்தும் என்று கேமே சொல்லிவிடும். மருமகனுக்குக் கடினம் என்று வந்தது. எனக்கு வந்ததை இங்கே எழுதப் போவதில்லை.

கேமில் வரும் கட்டங்களில் ஒன்றுக்காகவே இந்த டிஸ்க்கை யாருக்கும் இரவல் கொடுப்பேன். இடிந்து எரிந்துகொண்டிருக்கும் ஓர் ஆராய்ச்சிக்கூடம். கையில் கட்டிய கருவியின் பொத்தானை அழுத்தினால் அதே இடத்தின் பழைய காலத்துக்குப் போய்விடுவீர்கள். இங்கே நெருப்பும் காட்டு மிருகங்களும், அங்கே விளக்கெரியும் நடைபாதையும் காவலாளிகளும். ஒரு காலத்தில் இருக்கும் சுவர் மற்றக் காலத்தில் இருக்காது, ஆகையால் பாய்ந்துகொண்டிருக்கும்போதே காலத்தை மாற்றி அடுத்த சுவரைப் பிடிக்க வேண்டும். நாங்கள் பிரெட்ரிக் கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்குப் போய்வருகிற ஆட்கள். போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து அந்தக் கற்களால் கட்டிய கோட்டை என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். போன மாதம் அந்த வாசலில் நின்று மான்களுக்கு வாழைப்பழத்தோல் கொடுத்துக்கொண்டிருந்தபோது, "மாமா, இங்க அந்தப் பொத்தானை அமத்தினா எப்பிடி இருக்கும்?" என்று மருமகன் கேட்டான். வரலாற்றுப் பாடத்தில் அவன் ஒருநாளும் கேள்வி கேட்டதாக எனக்குத் தெரியாது.

சரி, குறைக்கு வருகிறேன். என்னுடைய முதற் கோபமும் அந்தக் கட்டத்தோடுதான். அந்தக் கருவி ஒரே ஒரு கட்டத்துக்கு மட்டும் வருகிறது. அடுத்த கட்டத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. பந்தியில் இருத்தி, பாயசத்தை ஒரு கரண்டி விட்டுவிட்டு வாளியோடு போய்விட்ட மாதிரி. மாதிரி வீடுகளைத் தொழிற்சாலை வரிசையில் பொருத்திக்கொண்டே போக, அந்த நகரும் சுவர்களில் நாம் ஓடும் கட்டமும் அப்படித்தான். நல்ல யோசனை ஒன்றைக் காட்டுவது, உடனே தூக்கி எறிவது. இது கேமின் நீளத்தைப் பற்றிய முறைப்பாடு அல்ல. அதே ஆறு மணி நேரத்துக்குள் அந்தக் கருவி இன்னொரு தரம் வந்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

எதிரிகள் அதைவிட மோசம். கேன், அஷ், ரிக்டர், வைப்பர், ஸ்லோன் என்று கூலிப்படைத் தலைவர்கள் வரிசையாக வருகிறார்கள். வந்து, தங்கள் இயந்திரத்தில் ஏறி நின்று, ஒரு வசனம் பேசி, அடிபட்டுப் போகிறார்கள். ஒருவன் விழுந்த பிறகு மருமகன் என்னைக் கேட்டான்: "மாமா, இவன் ஆர்?" நானும் யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. பறக்கும் கப்பலின் முதுகில் நின்று வைப்பரோடு சண்டை பிடிக்கும் இடம் மட்டும் நெஞ்சில் நிற்கிறது. பி.டிக்கு இவ்வளவு உயிர் கொடுத்தவர்கள், எதிர்ப்பக்கத்தில் ஒருவனுக்காவது ஏன் கொடுக்கவில்லை?

இணையத்தில் ஆட்களோடு ஆடும் பகுதியைப் பற்றி இங்கிருந்து நான் அதிகம் பேச முடியாது. புதிய ஆடுகளங்களைக் காசு வாங்காமல் கொடுத்தார்கள், அது பெரிய மனசு. ஆனால் நான் போகும் நேரங்களில் ஆட்கள் சேரும்வரை தேநீர் போட்டுக் குடித்து முடித்துவிடலாம். அது கேம் செய்தவர்களின் பிழை என்று சொல்ல மாட்டேன். விற்பனைக்கு விட்ட நேரம் அப்படி. இது வெளிவர ஒரு வாரத்துக்கு முன், ஒக்டோபர் 21இல், இதையும் வெளியிட்ட ஈஏ நிறுவனத்தின் பட்டில்ஃபீல்ட் 1 என்ற சண்டைக் கேம் வந்தது. ஒரு வாரத்துக்குப் பின், நவம்பர் 4இல், கோல் ஒஃப் டியூட்டி என்ற இன்னொரு பெரிய சண்டைக் கேமின் புதிய பாகம். இரண்டு யானைகளுக்கு நடுவில் ஆட்டுக்குட்டியை விட்டுவிட்டு, ஏன் மிதிபட்டது என்று கேட்பதா? 2019இல் டைட்டன்ஃபோல் கதையின் அதே உலகத்தை வைத்து ஏபெக்ஸ் லெஜன்ட்ஸ் என்ற கேம் வந்தது, அதில் நாம் ஏறி ஓட்ட ராட்சத இயந்திரம் ஒன்றுகூட இல்லை. மூன்றாம் பாகத்தை இன்னும் காணவில்லை.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இனி கேம் விமர்சனம் போடும்போது நட்சத்திரம் கொடுப்பதற்கு முன் இரண்டு விஷயங்களை எழுதச் சொல்லுங்கள். இணையம் இல்லாமல் விளையாடலாமா? டிஸ்க் வாங்கிய பிறகும் எவ்வளவு தரவிறக்க வேண்டும்? மாத முடிவில் டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் எங்களுக்கு, படம் எவ்வளவு தெளிவு என்பதைவிட இதுதான் முதலில் தெரிய வேண்டும்.

அப்புறம், கதை 'முழுதாக மூடிவிட்டது' என்றும் உங்கள் விமர்சகர் எழுதியிருக்கிறார். பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியதும் அவர் டிவியை நிறுத்திவிட்டார் போலிருக்கிறது. இன்னொரு தரம் போட்டு, கடைசிப் பெயர் போகும்வரை பொறுத்திருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்,
உப்புவெளி, திருகோணமலை.