செட்டில் அந்த மாத்திரை வேண்டாம்: மருந்துக்கடை நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மருந்துக்கடை நண்பர்களுக்கு,

வணக்கம். முப்பத்தொரு வருஷம் அரசு மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். முதல் பாதி ஆரம்ப சுகாதார நிலையத்தில், மீதி தாலுகா மருத்துவமனையில். கவுன்ட்டருக்குப் பின்னால் நின்று நின்று கால் நரம்பு புடைத்தவன் என்பதால், உங்களில் ஒருவனாகத்தான் இதை எழுதுகிறேன். டாக்டர் சீட்டு இல்லாமல், சளிக்கு என்று நாலைந்து மாத்திரையைச் சேர்த்து நாம் போட்டுக் கொடுக்கும் "செட்"டில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைச் சேர்க்காதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

போன ஐப்பசி மழையில் என் அக்காவுக்குச் சளி பிடித்தது. வயது 71. திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். தொண்டைக் கரகரப்பு, லேசான காய்ச்சல், அவ்வளவுதான். எனக்குப் போன் செய்திருக்கலாம், செய்யவில்லை. பக்கத்து வீட்டுப் பையனிடம் நூறு ரூபாயைக் கொடுத்து, "மெடிக்கல்ல சளிக்கு ஒரு செட்டு வாங்கிட்டு வாப்பா" என்று அனுப்பிவிட்டார். பையனும் ஒரு பழுப்புக் கவரோடு வந்தான். முதலில் இரண்டு நாளைக்கு, அப்புறம் மறுபடி போய் இன்னும் ஒரு நாளைக்கு.

இரண்டாம் நாள் வயிற்றுப்போக்கு. மழைக்காலத் தண்ணீர் சேரவில்லை என்று நினைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் காலையில் பாத்ரூமிலிருந்து வெளியே வந்தவர் வாசற்படியிலேயே மயங்கி விழுந்துவிட்டார்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது டியூட்டி டாக்டர் அந்தக் கவரை மேஜையில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மஞ்சளாக ஒரு சின்ன மாத்திரை, வெள்ளையாக வட்டமாக ஒன்று, இரண்டு நிற கேப்சூல் ஒன்று. கூடவே கத்தரியால் வெட்டிய அட்டைத் துண்டு ஒன்று. அதில் பேரின் வால் மட்டும் மிச்சம் இருந்தது: "மைசின்". எத்தனை மைசின்! எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், கிளிண்டாமைசின் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்து, "சார், நீங்க பார்மசிஸ்ட்டுன்னு சொன்னாங்க. இது என்னன்னு சொல்ல முடியுதா?" என்றார். முப்பத்தொரு வருஷ அனுபவத்தை வைத்துக்கொண்டு நான் ஊகம்தான் சொல்ல முடிந்தது. கடைக்குப் போன் போட்ட பிறகுதான் அது அசித்ரோமைசின் 500 என்று உறுதியானது.

ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளி நீண்டிருந்தது. ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயத் தசை தன்னைச் சரிசெய்துகொள்ள எடுக்கும் நேரம் அது. அது அளவுக்கு மேல் நீண்டால் துடிப்பின் தாளம் தப்பலாம், ஆளே போய்விடவும் கூடும். அசித்ரோமைசின் அதை நீட்டக்கூடிய மருந்து. செட்டில் "கேஸுக்கு" என்று போட்ட கேப்சூலில் பான்டோபிரசோலோடு டோம்பெரிடோனும் இருந்தது. அதுவும் அதே வேலையைச் செய்யும். அக்கா இதயத்துக்காக வருஷக்கணக்கில் நீர் மாத்திரை சாப்பிடுகிறவர், அதனால் உடம்பில் பொட்டாசியம் ஏற்கெனவே மட்டம். அசித்ரோமைசின் கிளப்பிவிட்ட வயிற்றுப்போக்கில் இருந்த கொஞ்சமும் போய்விட்டது. "இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன் சார், ஆனா இத்தனையும் ஒரே நேரத்துல சேர்ந்திருக்கக் கூடாது" என்றார் டாக்டர். இரண்டு நாள் மானிட்டரில் வைத்திருந்து அனுப்பினார்கள். அக்கா இப்போது நன்றாக இருக்கிறார்.

எந்தக் கடை என்று எழுதப் போவதில்லை. அந்தக் கடைப் பையன்மேல் எனக்குக் கோபமும் இல்லை. டிப்ளமா முடித்து அரசு வேலை கிடைப்பதற்கு முன், சொந்தக்காரர் கடையில் ஒன்றரை வருஷம் நானும் செட் போட்டுக் கொடுத்தவன்தான். அப்போது ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல். "சீக்கிரம் கேக்கணும்ப்பா" என்று கேட்டவர்களுக்கெல்லாம் நம்பிக்கையோடு ஒன்று சேர்த்துப் போட்டேன். மூன்று நாளில் சரியாகிவிட்டதாக வந்து சொல்வார்கள். சளி தானாகவே போயிருக்கும். பேர் எனக்கு.

இந்த மடலை எல்லா ஆன்டிபயாட்டிக்குக்கும் எழுதலாம். அசித்ரோமைசினை மட்டும் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், அது செட்டுக்கென்றே பிறந்த மாதிரி ஆகிவிட்டது. நாளைக்கு ஒரு வேளை போதும், மூன்று நாள் போதும். 2019ஆம் வருஷத் தனியார் விற்பனைக் கணக்கை ஆராய்ந்தவர்கள், இந்தியாவில் அதிகம் செலவான ஆன்டிபயாட்டிக் அசித்ரோமைசின் 500 மாத்திரைதான் என்று எழுதியிருக்கிறார்கள். அதற்கு அடுத்த வருஷம் கொரோனா வந்தது. கொரோனா மருந்துக் கிட்டுக்குள் இதுவும் போனது. பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2021இல் வந்தபோது, கொரோனாவுக்கு இதனால் பலன் இல்லை என்று தெரிந்தது. ஆனால் பழக்கம் மட்டும் ஊரில் தங்கிவிட்டது. இன்றைக்கும் தும்மல் போட்டால் "அந்த மூணு நாள் மாத்திரை" என்று பேர் சொல்லிக் கேட்கிறார்கள்.

மருந்தைக் குறை சொல்லவில்லை. அருமையான மருந்து அது. அதன் தாய் எரித்ரோமைசின். பிலிப்பைன்ஸில் இலோயிலோ என்ற ஊர்ப் பக்கத்து மண்ணிலிருந்து கிடைத்து 1952இல் விற்பனைக்கு வந்தது. வயிற்று அமிலத்தில் அது தாக்குப்பிடிக்காது. 1980இல் ஜாக்ரெப் நகரத்து வேதியியல்காரர்கள் அதன் வளையத்தில் ஒரு நைட்ரஜன் அணுவைச் செருகினார்கள். அமிலத்தைத் தாங்கியது மட்டுமல்ல, திசுக்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் குணமும் வந்தது. பாக்டீரியா தனக்கு வேண்டிய புரதத்தைச் செய்யவிடாமல் தடுப்பதுதான் இதன் வேலை. வைரஸ் அப்படித் தானாகப் புரதம் செய்வதில்லை என்பதால் சளியிடம் இதன் பருப்பு வேகாது.

வேகும் இடங்கள் நிறைய இருக்கின்றன. சில வகை நிமோனியா, பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களின் பாக்டீரியாத் தொண்டைப் புண், கண்ணைக் குருடாக்கும் டிரக்கோமா. நம் ஊருக்கு முக்கியமானவை இரண்டு. ஒன்று டைபாய்டு. சிப்ரோஃப்ளாக்சசின் குடும்பம் டைபாய்டிடம் பெரும்பாலும் தோற்றுவிட்ட பிறகு, வாய்வழி கொடுக்க நம்பிக்கையாக மிஞ்சியிருப்பதில் அசித்ரோமைசின் முக்கியமானது. பாகிஸ்தானின் சிந்துப் பகுதியில் 2016இலிருந்து பரவிய டைபாய்டு செஃப்ட்ரியாக்சோன் என்ற ஊசி மருந்துக்கும் அடங்கவில்லை. அங்கே மாத்திரையாகக் கொடுக்க மிஞ்சியது இது ஒன்றுதான். வங்கதேசத்தில் இதற்கும் அடங்காத டைபாய்டுக் கிருமியை 2019இல் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்னொன்று ஸ்க்ரப் டைபஸ், நாம் உண்ணிக் காய்ச்சல் என்கிறோமே, அது. மழைக்காலத்தில் காட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு வரும். கர்ப்பிணிக்கு வந்தால், வழக்கமாகக் கொடுக்கும் டாக்சிசைக்ளினைவிட அசித்ரோமைசினைத்தான் டாக்டர்கள் நாடுவார்கள். கடுமையான ஸ்க்ரப் டைபஸுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று 2023இல் வெளியான ஆய்வு, வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் முன்னின்று நடத்தியது. இப்படிப்பட்ட மருந்தைத்தான் தும்மலுக்குப் போட்டுத் தேய்க்கிறோம்.

ஒரு மாத்திரை மட்டும் வாங்கிப் போகிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "ஒண்ணு போட்டுப் பாக்கறேன், கேக்கலைன்னா மறுபடி வரேன்" என்பார்கள். மற்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளில் பல ஒரு நாளில் பெரும்பாலும் வெளியேறிவிடும். இதில் பாதி வெளியேறவே ஏறக்குறைய 68 மணி நேரம், அதாவது கிட்டத்தட்ட மூன்று நாள் ஆகும். மூன்று நாள் மாத்திரை அதற்குப் பிறகும் பல நாள் வேலை செய்வது இதனால்தான். அதே குணம்தான் வினையும். அளவு குறைந்துகொண்டே வரும் கடைசி நாட்களில் கிருமி சாகாது, பழகிக்கொள்ளும். தொண்டையிலும் குடலிலும் சும்மா இருக்கிற பாக்டீரியாக்களுக்கும் இதே பாடம்தான். முழு கோர்ஸ் எடுத்தாலும் இந்த வால் இருக்கத்தான் செய்யும். ஆகவே "முழுசா சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டால் நம் கடமை முடிந்தது என்று நான் நினைக்கவில்லை. தேவையில்லாதவருக்கு அரை மாத்திரையும் போகக் கூடாது.

உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாட்டிக்குகளைப் பிரித்து வைத்திருக்கும் பட்டியலில் அமாக்சிசிலின் தாராளமாக எட்டும்படி இருக்க வேண்டிய வகை, அசித்ரோமைசின் கண்காணித்துக் கொடுக்க வேண்டிய வகை. நம் சட்டப்படி இது ஹெச் அட்டவணை மருந்து, சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத கிருமிகளைத் தடுக்க 2012இல் சென்னையில் டாக்டர்கள் கூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனம் உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு வந்ததுதான் ஹெச் 1 அட்டவணை. 2014 மார்ச்சில் அமலானபோது 46 மருந்துகள். செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாட்டிக் அதில் உண்டு, ரிஜிஸ்டரில் பேர் எழுதி மூன்று வருஷம் வைக்க வேண்டும். அசித்ரோமைசின் அந்த 46இல் இல்லை. "ரிஜிஸ்டர் வேண்டாத மருந்து" என்பதை "சீட்டு வேண்டாத மருந்து" என்று பல கடைகளில் புரிந்துகொண்டார்கள் என்பது என் சந்தேகம். 2024 ஜனவரியில் மத்திய சுகாதாரப் பணிகள் இயக்குநரகம், எந்த நோய்க்கு என்பதைச் சீட்டில் எழுதுங்கள் என்று டாக்டர்களுக்கும், சீட்டில்லாமல் கொடுக்காதீர்கள் என்று மருந்துக்கடைகளுக்கும் கேட்டுக்கொண்டது. கேரளத்தில் ஆன்டிபயாட்டிக்கை நீலக் கவரில் போட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கவரைப் பார்த்ததுமே இது வேறு சாதி மாத்திரை என்று தெரிந்துவிடும். நல்ல யோசனை.

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பதும் தெரியும். "நான் கொடுக்கலைன்னா அடுத்த கடையில வாங்கிட்டுப் போவான் சார்." உண்மைதான். டாக்டருக்கு முந்நூறு ரூபாய், காத்திருந்தால் ஒரு நாள் கூலி போச்சு என்று நினைக்கிறவரிடம் சட்டம் பேசி என்ன பயன். அவரைக் கையை விரித்து அனுப்பச் சொல்லவில்லை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், மூக்கு ஒழுகினால் அதற்கு உள்ளது, ஆவி பிடிக்கச் சொல்லுங்கள், உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள். மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல், மூச்சு வாங்குதல், உடம்பில் கருகிய புண் மாதிரி ஒரு தழும்பு, இதில் ஏதாவது இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். அந்தக் கருகிய தழும்பு உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். செட்டிலிருந்து ஒரே ஒரு மாத்திரையைக் கழித்துவிடுங்கள் என்பதுதான் நான் கேட்பது. உங்களுக்கு நஷ்டம் இருபது இருபத்தைந்து ரூபாய் விற்பனை.

சீட்டோடு வந்தாலும் கேட்க வேண்டியது உண்டு. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு ரத்தம் இன்னும் இளகிப்போகலாம். இதய மருந்தான டிகாக்சின் சாப்பிடுகிறவருக்கு அதன் அளவு உடம்பில் ஏறலாம். வாந்திக்கு ஓண்டான்செட்ரான், இதயத் துடிப்புக்கு அமியோடரோன் என்று க்யூ.டி.யை நீட்டுகிற மருந்து ஏதாவது இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எழுதியவருக்கு மற்ற சீட்டு தெரிந்திருக்காது. அமெரிக்க மருந்துத் துறை இதயத் துடிப்பு பற்றி 2013 மார்ச்சிலேயே எச்சரித்துவிட்டது. கல்லீரல் கோளாறு, மயஸ்தீனியா என்ற தசைச் சோர்வு நோய், முன்பு இதே குடும்ப மாத்திரையால் உடம்பு தடித்தது, இவற்றையும் கேட்டுவிடுங்கள். பிறந்து ஆறு வாரம் ஆகாத குழந்தைக்குக் கொடுத்து, குழந்தை பால் குடித்ததும் பீய்ச்சியடித்து வாந்தி எடுத்தால் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்.

கடைசியாக ஒன்று, அட்டையை வெட்டாதீர்கள். அசித்ரோமைசின் 500 பெரும்பாலும் மூன்று அல்லது ஐந்து மாத்திரை அட்டையாகத்தான் வருகிறது. பல சீட்டுகளுக்கு அதுவே சரியாக இருக்கும். வெட்டினால் பேர், காலாவதித் தேதி, சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று காட்டும் சிவப்புக் கோடு எல்லாம் உங்கள் டிராயரில் தங்கிவிடும். பெரிய பிராண்டுகளில் 2023இலிருந்து க்யூ.ஆர். கோடு இருக்கிறது, அதுவும் போய்விடும். என் அக்காவின் உயிர் அன்றைக்கு ஒரு கத்தரிக்கு இந்தப் பக்கம் இருந்தது. டாக்டர் எழுதியதே குறைவாக இருந்து வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால் பேரைக் கவரில் தமிழில் எழுதுங்கள்.

அதற்காக ஒரு துண்டுச்சீட்டு தயாரித்திருக்கிறேன். ஏ4 தாளில் எட்டு வரும். ஜெராக்ஸ் எடுத்துக் கத்தரியால் வெட்டிக்கொள்ளுங்கள், இதற்குக் கத்தரி உதவட்டும். வாசகம் இதுதான்:

"இது அசித்ரோமைசின், ஆன்டிபயாட்டிக் மாத்திரை. டாக்டர் உங்களுக்கு எழுதியது, வீட்டில் வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம். நாளைக்கு ஒன்று, ____ நாளைக்கு. சாப்பாட்டுக்கு முன்னும் சாப்பிடலாம், பின்னும் சாப்பிடலாம். ஒரு வேளை மறந்தால் ஞாபகம் வந்ததும் சாப்பிடுங்கள், இரண்டாகச் சேர்க்க வேண்டாம். நெஞ்செரிச்சலுக்கு ஜெல் குடித்தால் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். குமட்டல், வயிற்று வலி, லேசான பேதி வரலாம். பேதி நிற்காவிட்டாலோ ரத்தம் கலந்து போனாலோ, படபடப்பு, மயக்கம், கண் மஞ்சளாதல், காது மந்தமாதல், உடம்பு தடித்தல், முகம் வீங்குதல், மூச்சுத் திணறல் வந்தாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது இந்தச் சீட்டையும் அட்டையையும் கொண்டு போங்கள்."

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்
திண்டுக்கல் மாவட்டம்